மஞ்சள் பை வந்தது. மஞ்சள் தண்ணீர் எங்கே போகிறது?

கல்யாண வீட்டுக்குப் போய் விட்டுத் திரும்புகிறோம். கையில் ஒரு தாம்பூலப் பை. உள்ளே தேங்காய், வெற்றிலை, பாக்கு. பையின் மேல் மணமகன் பெயர், மணமகள் பெயர், மண்டபத்தின் பெயர். அதற்குக் கீழே, "தங்கள் நல்வரவுக்கு நன்றி."

பை மஞ்சள். எழுத்து சிவப்பு.

இந்தப் பை நடுவில் சில காலம் காணாமல் போயிருந்தது. அதன் இடத்தைப் பிளாஸ்டிக் பை பிடித்துக் கொண்டது. இப்போது மஞ்சள் பை திரும்பி வந்து விட்டது. பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததுதான் காரணம். தமிழ்நாட்டில் 2019-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி தடை வந்தது. புதுச்சேரியிலும் அதே ஆண்டில் வந்தது. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசாங்கம் "மீண்டும் மஞ்சப்பை" என்று ஓர் இயக்கமே தொடங்கியது. 2022 ஜூலை 1-ந் தேதி முதல், ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் பலவற்றுக்கு நாடு முழுவதும் தடை.

நல்ல காரியம்தான். சந்தேகம் இல்லை.

ஆனால் இந்தப் பையில் எழுத்து எப்படி வந்தது? அச்சடித்த பிறகு, அச்சடித்த சட்டத்தை எங்கே கழுவினார்கள்? கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. புதுச்சேரியில் இருப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

சல்லடையில் ஓர் அச்சுக்கூடம்

பையில் அச்சடிக்கும் முறைக்கு "ஸ்கிரீன் பிரிண்டிங்" என்று பெயர். பெரிய எந்திரம் தேவை இல்லை. ஒரு மரச்சட்டம் அல்லது அலுமினியச் சட்டம். அதில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி. முன்பு பட்டுத் துணி. இப்போது நைலான் அல்லது பாலியெஸ்டர். நம் வீட்டு மாவுச் சல்லடை போலத்தான், ஆனால் கண் மிக மிகச் சிறியது.

மார்கழி மாதத்தில் துளை போட்ட தகட்டைத் தரையில் வைத்து, கோலப்பொடியைத் தூவி எடுக்கிறோம் அல்லவா? துளை உள்ள இடத்தில் பொடி விழும். துளை இல்லாத இடத்தில் விழாது. ஸ்கிரீன் பிரிண்டிங்கும் அதே தத்துவம். எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் சல்லடை திறந்திருக்க வேண்டும். மற்ற இடமெல்லாம் அடைபட்டிருக்க வேண்டும். மேலே மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஓர் இழுப்பு இழுத்தால் கீழே எழுத்து விழுந்து விடும்.

சல்லடையை அடைப்பதற்கு ஒரு பசை இருக்கிறது. அதை "எமல்ஷன்" என்கிறார்கள். வெளிச்சம் பட்டால் இறுகும். படாவிட்டால் தண்ணீரில் கரைந்து போகும். இருட்டறையில் இந்தப் பசையைச் சல்லடை முழுவதும் தடவி உலர்த்துவார்கள். அதன் மேல் எழுத்துள்ள பிலிமை வைப்பார்கள். எழுத்து கறுப்பாக இருக்கும். பிறகு விளக்கைப் போடுவார்கள். கறுப்புக்குக் கீழே வெளிச்சம் போகாது. அங்கே பசை இறுகாது. சட்டத்தைத் தூக்கிக் கொண்டு போய்த் தண்ணீர் பீய்ச்சினால், இறுகாத பசை கரைந்து ஓடி விடும். எழுத்து கண்ணாடி போலத் திறந்து கொள்ளும். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும். மணமகள் பெயர் ஒவ்வோர் எழுத்தாக வெளியே வரும்!

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர் 1907-ம் ஆண்டு பட்டுச் சல்லடை அச்சுக்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். வெளிச்சத்தில் பசை இறுகும் ரகசியம் அதற்கும் முந்தியது. ஸ்காட்லாந்துக்காரர் மங்கோ பாண்டன், ஒருவகை உப்பு வெளிச்சம் பட்டால் மாறுகிறது என்று 1839-ல் கண்டார். அந்த உப்பைப் பசையோடு சேர்த்தால் பசை இறுகும் என்று 1852-ல் காட்டியவர் டால்பட் என்ற ஆங்கிலேயர். அந்த உப்பின் பெயர் டைக்ரோமேட். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கதையின் வில்லன் அதுதான்.

மூன்று தண்ணீர்

ஒரு சட்டம் மூன்று தடவை குளிக்கிறது.

முதல் குளியல், எழுத்தைத் திறக்க. மேலே சொன்னது இதுதான். இறுகாத பசை, அதில் கலந்த உப்பு எல்லாம் இந்தத் தண்ணீரில் போகிறது. தண்ணீர் இளமஞ்சளாக, ஏதோ மஞ்சள் நீராட்டு விழாத் தண்ணீர் போல இருக்கும்.

இரண்டாவது குளியல், அச்சடித்து முடிந்த பிறகு மையைப் போக்க. துணிப்பைக்குப் பெரும்பாலும் தண்ணீர் கலந்த மை. அதில் நிறப்பொடியும், நிறத்தைத் துணியோடு ஒட்ட வைக்கும் பிசினும் இருக்கின்றன. இந்தத் தண்ணீர் சிவப்பாகவோ பச்சையாகவோ ஓடும்.

மூன்றாவது குளியல், பழைய பசையை அடியோடு எடுத்து விட்டுச் சட்டத்தை மறுபடியும் புதிதாக்க. அடுத்த கல்யாணத்துக்கு அதே சட்டம் வேண்டுமே! இதற்குப் பிளீச்சிங் பவுடர் கரைசலையோ, கடையில் விற்கும் தனி மருந்தையோ தடவி, தேய்த்து, பீய்ச்சிக் கழுவுகிறார்கள்.

ஜனங்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள்? சிவப்புத் தண்ணீரைக் கண்டு! வாய்க்காலில் சிவப்பாக ஓடினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்து விடுவார். இளமஞ்சள் தண்ணீரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பழைய உப்பு முறையில் வேலை செய்கிற இடமாக இருந்தால், இளமஞ்சள் தண்ணீர்தான் மூன்றிலும் பொல்லாதது.

ஒரு கிராம் உப்பு, 466 குடம் தண்ணீர்

பசையை வெளிச்சத்தில் இறுக வைக்க இன்று வேறு மருந்துகள் வந்து விட்டன. ஆனால் டைக்ரோமேட் உப்பு மலிவு. ஆரஞ்சு நிறத்தில், பார்க்கக் கற்கண்டு போல அழகாக இருக்கும். பசையில் கலந்து பயன்படுத்தும் பழக்கம் சின்னச் சின்ன இடங்களில் வெகுகாலமாக உண்டு.

இதில் இருப்பது குரோமியம் என்ற உலோகம். அதிலும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் என்கிற விஷ வகை. இது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு உறுதி செய்திருக்கிறது. கையில் பட்டால் சிலருக்குப் புண் வரும், தோல் வெடிக்கும், சீக்கிரம் ஆறாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? குடிதண்ணீரில் குரோமியம் எவ்வளவு இருக்கலாம்? ஒரு லிட்டருக்கு 0.05 மில்லி கிராம். அதற்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒரு கிராம் பொட்டாசியம் டைக்ரோமேட்டில் சுமார் 350 மில்லி கிராம் குரோமியம் இருக்கிறது. அப்படியானால் ஒரே ஒரு கிராம், சுமார் 7,000 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டு வந்து விடும். 15 லிட்டர் குடத்தில் அளந்தால் 466 குடம்!

ஒரு சிட்டிகை உப்பு. ஒரு தெருவுக்கே ஆகும் தண்ணீர்.

இது வெறும் காகிதக் கணக்கு என்று எண்ண வேண்டாம். ராணிப்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே இதே ஜாதி உப்புகளைத் தயாரித்த ஓர் ஆலை 1970-களில் தொடங்கியது. சுமார் 20 ஆண்டுகள் ஓடி, 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை போய் விட்டது. கழிவு போகவில்லை. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு மலை போலக் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசிந்தது. சுற்று வட்டாரத்தில் நிலத்தடித் தண்ணீர் கெட்டது. ஆலையில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகும், அந்தக் கழிவை எப்படி அகற்றுவது என்ற பேச்சு ஓயவில்லை.

ஒரு வீட்டு அச்சுக்கூடமும் அந்த ஆலையும் ஒன்றாகி விடுமா? ஆகாது. மலையும் மடுவும் போல வித்தியாசம். ஆனால் ஆலைக்கு ஒரு விலாசம் இருந்தது. அதைச் சுட்டிக் காட்ட முடிந்தது. நூறு வீட்டுக் கொல்லையில் நூறு குழாய் வழியாகப் போகும் மஞ்சள் தண்ணீருக்கு விலாசம் எங்கே இருக்கிறது?

தண்ணீருக்குச் சிலை வைத்த ஊர்

புதுச்சேரியில் பாரதி பூங்காவுக்குப் போனவர்கள் அங்கே நடுவில் நிற்கும் வெள்ளை மண்டபத்தைப் பார்த்திருப்பார்கள். ஆயி மண்டபம் என்று பெயர். புதுச்சேரி அரசாங்கத்தின் சின்னமும் அதுதான்.

யார் இந்த ஆயி? கிருஷ்ணதேவராயர் காலத்தில் வாழ்ந்த ஒரு தாசி என்று கதை. இரவில் விளக்கு எரிந்த அவள் மாளிகையைக் கோயில் என்று நினைத்து மன்னர் கும்பிட்டு விட்டாராம். பிறகு விஷயம் தெரிந்து கோபம் கொண்டு, மாளிகையை இடிக்கச் சொன்னாராம். "என் கையாலேயே இடித்து விடுகிறேன்" என்று ஆயி கெஞ்சி, இடித்து, அந்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாள். 19-ம் நூற்றாண்டில் மூன்றாம் நெப்போலியன் பிரெஞ்சு நாட்டை ஆண்ட காலத்தில், நகரத்தில் நல்ல தண்ணீர் இல்லாமல் வெள்ளைக்காரர்கள் தவித்தார்கள். முத்திரப்பாளையத்தில் இருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அப்போது ஆயியின் கதையைக் கேட்டு, அவள் பெயரால் மண்டபம் எழுப்பினார்கள் என்று சொல்கிறார்கள்.

தண்ணீர் கொடுத்த ஒரு பெண்ணை அரசாங்க முத்திரையில் வைத்த ஊர் வேறு எங்கே இருக்கிறது?

இந்த ஊரின் தண்ணீர் நிலைமையை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பக்கத்தில் மேட்டூர் மாதிரி பெரிய அணை கிடையாது. குடிநீர் பெரும்பாலும் பூமிக்கு அடியில் இருந்து, ஆழ்குழாய்க் கிணறுகள் வழியாக வருகிறது. கிழக்கே கடல். அதிகமாக உறிஞ்ச உறிஞ்ச, உப்புத் தண்ணீர் உள்ளே வருகிறது. கடலோரப் பகுதிகளில் கிணறு உவர்த்துப் போவது இதனால்தான். மேலே இருந்து விஷமும் கீழே இருந்து உப்பும் வந்தால் நடுவில் இருக்கும் நல்ல தண்ணீர் எவ்வளவு நாள் தாங்கும்?

துணியும் சாயமும் இந்த ஊருக்குப் புதிது அல்ல. துய்ப்ளேக்சின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761) காலத்திலேயே புதுச்சேரியில் துணி வியாபாரம் கொடி கட்டிப் பறந்தது. அவுரி போட்டு நீலம் தோய்த்த துணியைப் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலில் ஏற்றி, ஆப்பிரிக்காவில் செனகல் கரைக்குக் கொண்டு போனார்கள். அங்கே துணியைக் கொடுத்து மரப்பிசின் வாங்கினார்கள். பிசின் எதற்கு? ஐரோப்பாவில் துணியில் பூப்போட்டு அச்சடிக்கிறவர்கள், சாயம் பரவாமல் இருக்க அதில் பிசின் கலந்தார்கள். ஆக, புதுச்சேரித் துணி அந்தக் காலத்திலேயே உலகத்தின் அச்சுத் தொழிலோடு முடிச்சுப் போட்டுக் கொண்டிருக்கிறது!

பிறகு பஞ்சாலைகள் வந்தன. சவானா, ரோடியர், கெப்ளே. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடி 1936 ஜூலை 30-ந் தேதி 12 தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான ஊர் இது. ரோடியர் ஆலைதான் பிற்காலத்து ஏ.எப்.டி. அதுவும் 2020-ல் மூடப்பட்டது. பெரிய ஆலை மூடினால் சின்னத் தொழில்கள் முளைக்கும். வீட்டின் முன்பக்கம் குடித்தனம், பின்பக்கம் அச்சு. அதைக் குறை சொல்ல முடியாது. ஸ்கிரீன் பிரிண்டிங் போலக் கொஞ்சம் முதலில் நடத்தக் கூடிய தொழில் அதிகம் இல்லை.

ரெட்டியார்பாளையம் சொன்ன பாடம்

"சாக்கடையில் ஊற்றினால் போயிற்று. அதுதான் பாதாளச் சாக்கடை இருக்கிறதே!" என்பார்கள்.

2024 ஜூன் 11-ந் தேதி காலையில் புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் நடந்தது மறந்திருக்காது. கழிவறைக்குப் போன பெண் மயங்கி விழுந்தார். தூக்கப் போனவரும் விழுந்தார். ஒரு பள்ளிக்கூட மாணவி உள்பட 3 பேர் மாண்டு போனார்கள். பாதாளச் சாக்கடைக்குள் தேங்கிய விஷ வாயு, கழிவறைக் குழாய் வழியாக வீட்டுக்குள் ஏறி வந்ததுதான் காரணம்.

அந்தத் துயரத்துக்கும் அச்சுத் தொழிலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லி விடுகிறேன். ஆனால் ஒன்று அன்றைக்குப் புரிந்தது. சாக்கடை என்பது கிணறு போல முடிந்து போகிற குழி அல்ல. வீட்டுக்கு வீடு இணைந்த குழாய். ஒரு வீட்டில் ஊற்றுவது இன்னொரு வீட்டின் கீழே ஓடுகிறது. தின்னரோ ரெட்யூசரோ சாக்கடையில் போனால் அதன் ஆவியும் அதே வழியில் திரும்பி வரலாம். அது தீப்பிடிக்கக் கூடிய ஆவி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மையில் உள்ள பிசின் குழாய்க்குள் ரப்பர் தோல் மாதிரி படிந்து, நாளடைவில் அடைத்துக் கொள்ளும். அடைப்பை எடுக்க யார் வருவார்? ஒரு மனிதர் வருவார். சாக்கடைக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டமே வந்த பிறகும், நாட்டில் இறங்கிச் சாகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

மழைத்தண்ணீர் வாய்க்காலில் விட்டால்? நகரத்தைக் கிழக்கும் மேற்குமாகப் பிரிக்கும் பெரிய வாய்க்கால் தெரியும். அதைப் போன்ற வாய்க்கால்களில் விழுவது கடைசியில் கடலுக்குப் போகிறது. போகிற வழியெல்லாம் மண்ணிலும் இறங்குகிறது. கடலில் மீன் பிடிப்பவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான்.

கழுவும் இடம் எப்படி இருக்க வேண்டும்?

குறை சொல்வது சுலபம். வழி என்ன?

கழுவுவதற்கென்று தனி இடம் வேண்டும். குளியலறை ஆகாது. பாத்திரம் துலக்கும் இடம் ஆகவே ஆகாது. "ஏங்க, குழந்தையைக் குளிப்பாட்டற இடத்துல இதைக் கழுவாதீங்க" என்று வீட்டுக்காரி சொன்னால், அவள் சொல்வதுதான் சரி. "இப்பத்தான் தண்ணி ஊத்திக் கழுவி விட்டேனே" என்று அவர் சமாதானம் சொல்வார். கழுவி விட்டது எங்கே போயிற்று என்பதுதானே கேள்வி!

வெயில் நேராக விழும் இடமும் கூடாது. காரணம் வேறு. வெளிச்சம் பட்டால் பசை இறுகும் என்று பார்த்தோம். விளக்கில் இருந்து எடுத்த சட்டத்தைக் கொல்லை வெயிலில் கொண்டு போய்க் கழுவினால் எழுத்து உள்ள இடமும் இறுகி விடும். பிறகு எவ்வளவு பீய்ச்சினாலும் திறக்காது. திரும்பத் திரும்பக் கழுவித் தண்ணீர்தான் பாழ். ஆகவே கூரை உள்ள, காற்றோட்டமான, வெயில் படாத மூலை.

ஒரு தொட்டி. இடுப்பு உயரம் இருக்கட்டும். தரையில் குத்தவைத்துக் கழுவினால் நடுவயதில் முதுகு சொல்லி விடும். பெரிய பிளாஸ்டிக் டிரம்மை நீளவாக்கில் இரண்டாக அறுத்துத் தாங்கியில் வைத்தாலும் போதும். தண்ணீர் தெறிக்காமல் மூன்று பக்கம் மறைப்பு. பின்பக்க மறைப்பு பால் நிறத் தகடாக இருந்து, அதற்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்தால் மிகவும் வசதி. திறக்காத கண் எது என்று பளிச்சென்று தெரியும். ஈரமும் மின்சாரமும் ஒன்றாக இருக்கும் இடம் என்பதால் 12 வோல்ட் விளக்குப் போடுவது நல்லது. நனையாத பெட்டிக்குள் இருக்க வேண்டும். வீட்டில் கசிவு மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் பிரேக்கரும் வேண்டும்.

தொட்டிக்குக் கீழே இருப்பதுதான் முக்கியம். நேராகச் சாக்கடைக் குழாயில் கொண்டு போய்ச் செருகி விடக் கூடாது. முதலில் ஒரு வடிதுணி. அதற்குப் பிறகு வரிசையாக மூன்று டிரம். முதல் டிரம்மில் தண்ணீர் விழும். நிறப்பொடியும் பிசின் துணுக்கும் கனமானவை. மெதுவாக அடியில் உட்காரும். மேலே தெளிந்த தண்ணீர், பக்கத்துக் குழாய் வழியாக இரண்டாவது டிரம்முக்குப் போகும். அங்கேயும் கொஞ்சம் உட்காரும். பிறகு மூன்றாவது. நம் வீட்டில் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைத்து இறுத்து எடுப்பது போலத்தான். மூன்றாவது டிரம் தண்ணீரைக் கொண்டே அடுத்த சட்டத்தின் மையை முதல் அலசல் அலசலாம். கடைசி அலசலுக்கு மட்டும் புதுத் தண்ணீர்.

நாளொன்றுக்குப் 10 சட்டம், சட்டத்துக்கு 20 லிட்டர் என்று வைத்துக் கொள்வோம். 200 லிட்டர். முதல் அலசலுக்குப் பழைய தண்ணீரே போதும் என்றால் அதில் பாதி மிச்சம்.

கழுவும் முன்பே வேலை பாதி முடிந்து விட வேண்டும் என்பது என் கருத்து. சட்டத்தில் மிஞ்சிய மையை அட்டைத் துண்டால் வழித்து டப்பாவில் திரும்பப் போட்டால், தண்ணீரில் போகும் மை மிகக் கொஞ்சம். மை காசு கொடுத்து வாங்கியதுதானே! அதைச் சாக்கடைக்கு வார்ப்பானேன்?

காகிதத்தில், ஸ்டிக்கரில் அடிக்கும் எண்ணெய் மைகளின் சங்கதி வேறு. இவை தண்ணீரில் போகாது. ரெட்யூசர் போட்டுத் துடைக்க வேண்டும். அந்தத் துடைத்த துணியைத் தொட்டிப் பக்கமே கொண்டு வரக் கூடாது. மூடி போட்ட தகரப் பெட்டியில் தனியாக வைக்க வேண்டும். ரெட்யூசர் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். பக்கத்து அறையில் சமையல் அடுப்பு எரிந்தால் ஆபத்து.

ஒரு முக்கிய எச்சரிக்கை

பிளீச்சிங் பவுடரால் பசையை எடுக்கிறவர்கள் கவனியுங்கள். கறை போகவில்லையே என்று அதன் மேல் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றி விடாதீர்கள்! இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப்போரில் 1915-ல் எதிரிகளைக் கொல்ல விட்ட வாயு அது. மூடிய அறையில் சில நிமிடங்களில் மூச்சை அடைத்து விடும். பாதிப் பேர் இதைச் செய்வது தெரியாமல்தான். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இதை ஒரு தாளில் எழுதிக் கழுவும் இடத்தில் ஒட்டி வைக்கலாம்.

கடையில் விற்கும் பசை நீக்கும் மருந்தைத் தடவினால் உடனே கழுவ வேண்டும். போன் வந்தது, பேசப் போனேன் என்று காய விட்டால், பசை சல்லடையோடு கட்டிக் கொண்டு விடும். சட்டம் குப்பைக்குத்தான். கையுறையும் கண்ணாடியும் போட்டுக் கொள்வது வீண் ஜம்பம் அல்ல. பீய்ச்சும் தண்ணீர் திரும்பித் தெறிப்பது முகத்தில்தான்.

டிரம் எல்லாவற்றையும் பிடிக்குமா?

பிடிக்காது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மணல் போட்டேன், கரி போட்டேன், தண்ணீர் தெளிந்து விட்டது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் ஆகி விடாது. உப்புக் கரைசல் தெளிவாகத்தான் இருக்கும். குடித்துப் பார்த்தால் அல்லவா தெரியும்? டைக்ரோமேட் தண்ணீரில் கரைந்து நிற்பது. வடிகட்டியில் தங்காது. பெரிய தொழிற்சாலைகளில் அமிலம் சேர்த்து, வேறு மருந்து போட்டு, விஷக் குரோமியத்தை மாற்றி, பிறகு சுண்ணாம்பு போட்டு அடியில் உட்கார வைக்கிறார்கள். வீட்டில் செய்கிற காரியம் அல்ல.

ஆகவே வீட்டுத் தொழிலுக்கு ஒரே வழி, அந்த உப்பை வாங்காமல் இருப்பது. "டயசோ" என்ற மருந்து கலந்த பசையும், மருந்தே கலக்காமல் அப்படியே தடவும் போட்டோபாலிமர் பசையும் வந்து வெகுகாலம் ஆகிறது. விலை கொஞ்சம் கூடுதல். பசை வாங்கும்போது டப்பாவின் மேல் "டைக்ரோமேட்" அல்லது "பைக்ரோமேட்" என்று போட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றே.

திருப்பூர் பட்ட பாடு

சின்னச் சின்ன ஆட்களை யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்து விட முடியாது. திருப்பூரிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. தண்ணீர் நொய்யலில் போயிற்று. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர்க் குட்டையாக ஆயிற்று. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் 2011 ஜனவரியில், கழிவு நீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாயப்பட்டறைகளை எல்லாம் மூடும்படி சென்னை ஐகோர்ட்டு உத்தரவு போட்டது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. பனியன் தொழிலே ஆட்டம் கண்டது. வேலைக்கு வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பினார்கள்.

மறுபடி எழுந்தது எப்படி? தனித்தனியாகச் செய்ய முடியாததைக் கூட்டாகச் செய்தார்கள். பல பட்டறைகள் சேர்ந்து ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம். தண்ணீரைத் திரும்ப எடுத்துச் சாயத்துக்கே பயன்படுத்தினார்கள்.

1974-ம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், விஷப் பொருளை ஆற்றிலோ, கிணற்றிலோ, சாக்கடையிலோ, நிலத்திலோ தெரிந்தே விடக் கூடாது என்கிறது. "எவரும்" கூடாது என்றுதான் சொல்கிறது. பெரியவர், சின்னவர் என்று பிரிக்கவில்லை. "கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும்" என்று சுப்ரீம் கோர்ட்டு 1996-ல், வேலூர் வட்டாரத் தோல் ஆலைகள் வழக்கில் தீர்ப்புச் சொல்லி விட்டது.

சட்டம் மட்டும் போதுமா? கொல்லையில் அச்சடிக்கும் குடும்பத்துக்கு நோட்டீஸ் அனுப்பினால் தொழில் மூடும். அல்லது இரவில் கழுவுவார்கள். புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் போன்ற தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. அப்படி ஓரிடத்தில் அரசாங்கமே ஒரு பொதுக் கழுவுமிடம் கட்டிக் கொடுத்தால் என்ன? சட்டத்துக்கு இவ்வளவு என்று சின்னக் கட்டணம். சைக்கிளில் நாலு சட்டத்தைக் கட்டிக் கொண்டு போய்க் கழுவி, உலர்த்தி எடுத்து வரலாம். டிரம்மின் அடியில் தங்கும் சேற்றையும் அங்கேயே வாங்கிக் கொள்ளலாம். அந்தச் சேறு அபாயக் கழிவு. தெருக் குப்பைத் தொட்டியில் போட முடியாது. ஒரு குடும்பம் தன்னந்தனியாக அதை எங்கே கொண்டு போகும்? மஞ்சள் பையைக் கொண்டு வந்த அரசாங்கத்துக்கு இதில் கடமை உண்டு என்றுதான் தோன்றுகிறது.

பை வாங்குகிற நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கல்யாணத்துக்கு ஆயிரம் பை ஆர்டர் கொடுக்கும்போது பைக்கு எட்டணா குறை என்று கறாராகப் பேரம் பேசுகிறோம். பைக்குப் பத்தே பைசா கூட்டிக் கொடுத்தால் பத்தாயிரம் பைக்கு 1,000 ரூபாய். மூன்று டிரம்மில் ஒன்றாவது வந்து சேரும். "சட்டத்தை எங்கே கழுவுகிறீர்கள்?" என்று கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்டால் யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள்.

டிரம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு விஷயம். ஐப்பசியில் அடைமழை பிடிக்கும். புதுச்சேரியில் ஒரு ராத்திரி மழைக்கே தெரு ஆறாகி விடும். மூடி இல்லாத டிரம் நிரம்பி வழிந்தால், ஒரு வருஷமாகப் பிடித்து வைத்த சேறு ஒரே இரவில் வாய்க்காலுக்குப் போய் விடும். மழைக்கு முன்பே சேற்றை எடுத்து, உலர்த்தி, தனி டப்பாவில் மூடி, பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்து விடுங்கள். டிரம்மைச் செங்கல் மேல் ஏற்றி மூடி போட்டு, மூடியின் மேல் ஒரு கல்லையும் தூக்கி வையுங்கள்.